தவிட்டுக்குப் போனவள்

நிலக்கோட்டை மாமாவின் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அம்மா அடுப்படியில் தவிடு சலித்துக்கொண்டிருந்தாள்.

"வேன் வந்துருச்சும்மா! வேன் வந்துருச்சு!" என்று என் தங்கை அமலி வாசலிலிருந்து கத்தினாள். கத்திய வேகத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, வலியையும் மறந்து மறுபடி கத்தினாள். தம்பி பிரிட்டோ சட்டைக்குப் பொத்தான் போட்டும் போடாமலும் ஓடினான். நான் பெரியவள் என்பதால் நடந்து போனேன். எனக்கும் ஓடத்தான் ஆசை.

அம்மா மட்டும் அவசரப்படவில்லை. தவிட்டில் ஒரு கல், ஒரு உமி இருக்கக் கூடாது என்று இன்னொரு முறை சலித்தாள். பிறகு அதை ஒரு மஞ்சள் துணிப்பையில் கொட்டி, வாயை நூலால் கட்டி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எங்களுக்கு அது சுற்றுலா. கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேனில் போய் நாலு இடம் பார்த்துவிட்டு வரப்போகிறோம். அம்மாவுக்கு அப்படி இல்லை. தன் கடைசிப் பிள்ளையை முறைப்படி திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறாள். கிடைப்பாளா மாட்டாளா என்ற பயத்தோடுதான் அவள் அந்த வேனில் ஏறினாள். பயந்த விஷயம் நடந்தும்விட்டது. இந்த வாரப் பத்தியில் அதை எழுதாமல் இருக்க என்னென்னவோ சாக்கு தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

தவிடு

நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் ஒரு பிள்ளையை "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லி அழவைக்காமல் இருந்திருக்கிறார்கள்? மாமாக்களுக்கும் சித்திகளுக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேலியைச் செய்யமாட்டார்கள். எங்கள் வீட்டில் அது நிஜமாகவே நடந்திருந்தது.

எனக்கும் பிரிட்டோவுக்கும் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தன. இரண்டும் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. மறுநாளே மஞ்சளாகிவிட்டன. கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். ஒரு வாரம் தாங்கவில்லை. இரண்டாவதை நான் மடியில் வைத்திருந்தது நினைவிருக்கிறது. பால் குடிக்கத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

கண் பட்டது என்றார்கள், தோஷம் என்றார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள்தான், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள்தான். ஆனால் பிள்ளை சாகும் விஷயத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே மதம்.

அம்மா ஐந்தாவது முறை உண்டானபோது பரிகாரம் சொன்னார்கள். வத்தலக்குண்டைத் தாண்டி, சேவுகம்பட்டிப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு அந்தோணியார் குருசடி, சின்னக் கோவில், இருக்கிறது. பிறந்த பிள்ளையை அதன் படியில் போட்டுவிட்டுத் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேறொரு பெண் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, தாயின் மடியில் ஒரு படி தவிட்டைக் கொட்டி, "இனி இது என் பிள்ளை" என்பாள். அதற்குப் பிறகு சாவு வந்து எங்கள் அம்மா லூர்தம்மாளின் பிள்ளை எங்கே என்று தேடினால், அப்படி ஒரு பிள்ளையே இல்லை.

பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். அவள் பாலைத்தான் குடிக்கும். பேச்சுக்கு மட்டும் மற்றவள் பிள்ளை. கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை வயது, ஏழோ எட்டோ, வந்ததும் அதே படியில் தாய் தவிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்தவள் மனசார அதை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தாய் மடியில் உட்காரவைத்து, "உன் பிள்ளைய நீ வாங்கிக்க" என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

இதில் தாய் ஒன்று செய்யக் கூடாது. தன் பிள்ளை என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. பிடுங்கிக்கொண்டும் வரக் கூடாது. அப்படிச் செய்தால், ஏமாந்து போன சாவு பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளும்.

வழக்கமாக இதற்கு நாலைந்து பெற்ற பிள்ளைக்காரியைத்தான் தேடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் பின்வீட்டு மரியபுஷ்பம் அக்கா, ஆறு பிள்ளைக்காரி, நான் எடுத்துத் தருகிறேன் என்று தயாராகத்தான் இருந்தார். அப்பா சம்மதிக்கவில்லை.

"எங்கக்கா இருக்கும்போது ஊராளுக எதுக்கு?" என்றார்.

அப்பாவின் அக்கா செசிலி அத்தைக்குப் பிள்ளை கிடையாது. அப்பாவைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அத்தைதான். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வகுப்பில் மூடநம்பிக்கையைக் கிழி கிழியென்று கிழிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். உலகத்தில் அவர் பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று தலைமையாசிரியர், இன்னொன்று அக்கா. தலைமையாசிரியரையாவது எப்போதாவது எதிர்த்துப் பேசியிருக்கிறார்.

பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி அம்மாவிடம் தனியாகச் சொன்னாளாம்: "புள்ளையில்லாதவ கையில தவுடு வாங்காத லூர்து. எடுத்தவளுக்கு விட மனசு வராது." அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா அதை மூடநம்பிக்கை என்றார்.

அமலி பிறந்தாள். மஞ்சளாகவில்லை. ஒரு வாரம் தாண்டியது, ஒரு மாதம் தாண்டியது. அம்மா அந்த அந்தோணியாரை நம்பினாள், அந்தத் தவிட்டை நம்பினாள். அவளை யார் குறை சொல்ல முடியும்?

சின்னாளபட்டியில்

செசிலி அத்தை நிலக்கோட்டையில் இருந்தாள். அவள் கணவர் சூசை மாமாவுக்குப் பூ வியாபாரம். விடியுமுன் மல்லிகை மூட்டைகளைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு, வேனைக் கழுவி, பின்னால் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, அத்தையோடு வந்து அன்றைக்கு எங்களை ஏற்றிக்கொண்டார். எத்தனை கழுவினாலும் அந்த வேனில் வாடின மல்லி, ஈரச் சாக்கு, டீசல் மூன்றும் சேர்ந்து மணக்கும். அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது பஸ்ஸில் யாராவது தலை நிறையப் பூவோடு பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எழுந்து இடம் மாறிவிடுவேன்.

பயணத்தை ஏற்பாடு செய்ததே அத்தைதான். அதற்கு முன் இரண்டு முறை, இந்தப் பெருநாள் ஆகட்டும், அடுத்த பெருநாள் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டவள், தானாகவே ஆள் அனுப்பினாள். போகிற வழியில் பிள்ளைகளுக்கு நாலு இடத்தைக் காட்டலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மதினிக்கு மனசு வந்துருச்சு" என்றாள்.

சின்னாளபட்டி தாண்டும் முன்பே முதல் நிறுத்தம். ரோட்டோரம் திராட்சைக் கூடைகள். அத்தை இறங்கி, கொத்துக் கொத்தாக எடுத்து மேலே தூக்கிப் பார்த்து, நல்ல கொத்தாக ஒன்றை அமலி கையில் கொடுத்தாள். எனக்கும் பிரிட்டோவுக்கும் சேர்த்து ஒரு கொத்து.

"கழுவாமத் தின்னாத அமலி" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"என்னத்தக் கழுவ? தின்னட்டும் விடு லூர்து. ஒருநாளுதான்" என்றாள் அத்தை.

பிறகு ஊருக்குள் ஒரு ஜவுளிக் கடை. அமலிக்கு அரக்கில் புள்ளி வைத்த சுங்குடிப் பாவாடைத் துணி. அவள் அதை வேனுக்குள்ளேயே இடுப்பில் சுற்றிக்கொண்டு, சுற்ற முடியாமல் விழுந்து, சிரித்துத் தீர்த்தாள். அத்தையும் சிரித்தாள். அத்தை அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பொதுவாக அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் உத்தரத்தில் ஒட்டடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

அணையில்

அடுத்தது ஆத்தூர் அணை. மலையடிவாரத்தில் தண்ணீர் குறைவாகத்தான் கிடந்தது. கோடை. ஆனால் திண்டுக்கல் பிள்ளைகளுக்குக் குடம் வைத்துப் பிடிக்காத தண்ணீர் எதைப் பார்த்தாலும் கடல்தான். பிரிட்டோ தண்ணீர்மேல் கல்லைத் தத்தவிட்டுத் தவளை விட்டான். சூசை மாமா வேட்டியை மடித்துக் கட்டி அமலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்கால் ஆழம் வரை போனார்.

"ஏலே பிரிட்டோ, நீயும் வாடா இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டார். நல்ல மனிதர். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றுபோனவர். பிள்ளைகள் என்றால் அவருக்கு எந்தப் பிள்ளையும் பிள்ளைதான்.

அம்மா வேனைவிட்டு இறங்கவில்லை. மடியில் தவிட்டுப் பை. ஈரம் பட்டுவிடுமாம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் தூக்குவாளியில் அவள் காலடியில் இருந்தன. சாப்பாடு எடுக்கட்டுமா என்று அவள் கேட்டபோது அத்தை, "அத எதுக்கு லூர்து, வத்தலக்குண்டுல ஓட்டல்ல சாப்டுக்கலாம். புள்ளைக்கு ஆசையா இருக்கும்ல" என்றாள். புள்ளைக்கு என்றாள், புள்ளைகளுக்கு என்று சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அவள் தூக்குவாளி மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

எங்கள் அம்மா ஒரு நாளும் சாப்பாட்டை வீணாக்கமாட்டாள். அந்தப் புளிசாதம் அன்றைக்குக் கடைசிவரை அப்படியே இருந்து ஊசிப்போனது.

போட்டோ

வத்தலக்குண்டில் பரோட்டா தின்றோம். அமலிக்கு மட்டும் பால் ஐஸ் இரண்டாவது முறையும் வந்தது. பிரிட்டோ முறைத்தான். அப்பா, "அவ சின்னப் புள்ளடா" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஓட்டலுக்கு எதிரே இருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குள் அமலியின் கையைப் பிடித்து நுழைந்தாள். நாங்களும் போனோம். நாங்களும் படத்தில் நிற்கப்போகிறோம் என்று நான் எச்சில் தொட்டுத் தலையை ஒதுக்கிக்கொண்டேன். பின்னால் தொங்கிய திரையில் ஏரியும் அன்னமும் வரைந்திருந்தது.

"நீங்க மூணு பேரும் வாங்க" என்றார் போட்டோக்காரர், அத்தையையும் மாமாவையும் அமலியையும் பார்த்து. யாராவது எங்களையும் கூப்பிடுவார்கள் என்று நின்றோம். கூப்பிடவில்லை. அத்தை உட்கார்ந்து அமலியை மடியில் இருத்திக்கொண்டாள். மாமா பின்னால் நின்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. "மாப்ள, நீங்களும் வாங்களேன்" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"இருக்கட்டும் மச்சான், நீங்க எடுத்துக்கங்க" என்றார் அப்பா.

அமலியின் செருப்பில் சேறு. படத்தில் தெரியும் என்று கழற்றச் சொன்னார்கள். அம்மா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே நின்றாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தவிடு. நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

குருசடி

சேவுகம்பட்டி தாண்டி வண்டிப்பாதையில் இறங்கி வேன் நின்றது. மத்தியானம் மூன்று மணி வெயில். அறுத்துப்போட்ட வயல். தென்னந்தோப்பின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குருசடி. சுண்ணாம்பு அடித்து நாளாகியிருந்தது. கம்பிக் கதவுக்குள் அந்தோணியார் கையில் குழந்தை இயேசுவோடு நின்றார். படியெல்லாம் உருகிய மெழுகும் யாரோ கொட்டிய உப்பும் மிளகும்.

அம்மா முட்டி போட்டாள். முந்தானையை விரித்து மடியில் போட்டுக்கொண்டாள். அமலியைப் படியில் நிறுத்தினாள். பையின் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து, இரண்டு கையாலும் தவிட்டை அத்தைக்கு நீட்டினாள்.

"இந்தாங்க மதினி."

அத்தை கை நீட்டவில்லை.

காற்றே இல்லை. தோப்புக்குள் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நீட்டிய கையோடு இருந்தாள். அத்தை குனிந்து அமலியின் மோவாயைப் பிடித்தாள். குரலில் அப்படி ஒரு குழைவு.

"அப்பு, அத்தைகிட்ட சொல்லு. அத்தை வீட்டுக்கு வந்து இருக்கியா? ஊஞ்ச போட்டிருக்கேன் ஒனக்கு. தெனமும் வேன்ல போலாம். வாரியா?"

அமலியின் வாயெல்லாம் திராட்சைக் கறை. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதுவரை வந்ததில்லை. ஒரே குதியாகக் குதித்து, "வாரேன்!" என்றாள்.

அம்புட்டுத்தான்.

அத்தை நிமிர்ந்தாள். "புள்ள வாயாலயே சொல்லிருச்சு லூர்து. அந்தோணியாருக்கும் கேட்டிருக்கும்."

"மதினி..." என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்? என் பிள்ளையைக் கொடுங்கள் என்று அவள் கேட்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியம்தான் அமலியைக் கொல்லும் என்று அவள் நம்பினாள்.

"ஒனக்கு ரெண்டு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகை. "இத்தன வருசமா என் புள்ள என் புள்ளன்னு ஊரெல்லாம் சொல்றீக. ஒரு நாளு அது என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கா? வாய்ப்பேச்சுக்குத்தான் நான் ஆத்தாளா?"

சூசை மாமாதான் குறுக்கே வந்தார். "செசிலி, வேணாம். வாங்கிக்க தவுட்ட. பெத்தவ முகத்தப் பாரு. குடுத்துரு."

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கென்ன, மூட்டையும் வேனும் போதும்."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "என்னங்க, நீங்க சொல்லுங்களேன்."

அப்பா வேன் டயரை உதைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "லீவு முடியற வரைக்கும் இருக்கட்டுமே லூர்து. இந்தா இருக்கு நிலக்கோட்ட. பெறகு பாப்போம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அமலி எங்க தங்கச்சி! எங்கம்மா பெத்த புள்ள!" என்று கத்திக்கொண்டு படியேறி அமலியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா எழுந்து வந்து என்னை அறைந்தாள். கன்னம் காது எல்லாம் சேர்த்து ஓர் அறை. அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அடித்ததில்லை. அடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள். அவள் கையெல்லாம் தவிடு. என் காதோடு, "சொல்லாதடி, சொல்லாதடி, கேட்டுறப் போகுது" என்றாள்.

யாருக்குக் கேட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அந்தோணியாருக்கு இல்லை.

நிலக்கோட்டை பஸ்

நிலக்கோட்டை வீட்டில் ஊஞ்சல் நிஜமாகவே இருந்தது. புதுக் கயிறு. அமலி வேனிலிருந்து குதித்து நேராக அதில் ஏறினாள். காப்பி குடித்துவிட்டுப் போகலாம், செத்த நேரம் இருங்க என்று அத்தை உபசரித்தாள். அப்பா குடித்தார். அம்மா வேண்டாம் என்றாள்.

கிளம்பும்போது அமலி ஊஞ்சலை நிறுத்தக்கூட இல்லை. "டாட்டா!" என்று ஒரு கையை எடுத்து ஆட்டினாள். அம்மா அவளிடம் போய், முகத்தைத் துடைத்து, "சொன்ன பேச்சக் கேட்டு இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். முத்தம் கொடுக்கவில்லை. தூக்கவில்லை. அதையெல்லாம் பெற்றவள்தானே செய்வாள்.

சூசை மாமா வேனில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அம்மா பஸ்ஸில் போகலாம் என்றுவிட்டாள். பூக்கூடைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு நின்றபடியே திண்டுக்கல் வரை வந்தோம். பிரிட்டோ அழுதுகொண்டே வந்தான். நான் அப்பாவைப் பார்க்காமல் வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த அந்தப் பழக்கம் எனக்குக் கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

மறுநாள் அம்மா அந்தத் தவிட்டைப் பின்வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். மரியபுஷ்பம் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

முறை

லீவு முடிந்தது. அமலி வரவில்லை. நிலக்கோட்டையிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஆடி மாதம் அம்மாவும் நானும் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனோம். அப்பாவுக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை இருந்ததாம்.

அமலி சீருடையில் வாசலுக்கு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பாதியில் நின்றாள். திரும்பி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தாள். அத்தை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"வாங்க அத்தை" என்றாள் அமலி அம்மாவிடம். என்னைப் பார்த்து, "வாங்க மதினி."

கணக்கில் தப்பே இல்லை. அப்பாவின் அக்கா அவளுக்குத் தாய் என்றால், அப்பா அவளுக்கு மாமா, பெற்ற அம்மா அத்தை, கூடப் பிறந்த நான் மதினி. யாரோ உட்கார்ந்து அழகாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நிமிஷம் அத்தையைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அவள் செத்துப் பல வருடமாகிறது.

அம்மா அசரவில்லை. "நல்லாயிருக்கியாம்மா?" என்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளையை விசாரிப்பதுபோல. முறுக்கைக் கொடுத்தாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். "எப்பிடிம்மா சும்மா இருக்க? அத்தைங்கறா ஒன்னைய!"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னன்னு கூப்ட்டா என்ன. கூப்புடுறதுக்கு அவ இருக்காள்ல. மத்த ரெண்டும் என்னைய ஒண்ணுமே கூப்புடலையே."

நியாயமாக ஒன்று எழுத வேண்டும். அத்தை அமலியை நன்றாகத்தான் வளர்த்தாள். மதுரையில் கவுன் தைத்துப் புதுநன்மை கொடுத்தாள். கல்லூரிக்கு அனுப்பினாள். காய்ச்சல் வந்தால் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் கெட்டவள் இல்லை. எழுதிவிட்டேன்.

ரத்தம்

நான் நர்ஸ் வேலையில் சேர்ந்து சில வருடமாகியிருந்தது. ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்தது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் ரத்தமே இல்லை, ஏற்றிக்கொண்டுதான் ஆபரேஷன் என்றார் டாக்டர். அம்மாவுடையது நெகட்டிவ் பிரிவு. அதுவரை அவளுக்கு யாரும் பார்த்துச் சொன்னதில்லை. அப்பா, நான், பிரிட்டோ மூவரும் கை நீட்டினோம். மூன்று பேரும் பாசிட்டிவ். உதவாது.

அப்பா தவித்துப்போய் நிலக்கோட்டைக்குப் போன் செய்தார். சூசை மாமா எடுத்தார். "பாப்பாவுக்கும் நெகட்டிவ்வுன்னுதான் காலேஜ்ல எழுதிக் குடுத்தாக. இருங்க மாப்ள, கூட்டிட்டு வாரேன்" என்றார்.

அமலி வந்தாள். நெடுநெடுவென்று, அம்மாவின் அதே நெற்றி. "அத்தைக்கு எப்டி இருக்கு மதினி?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள். நான்தான் பக்கத்தில் நின்றேன். பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நெகட்டிவ் ரத்தமுள்ள தாய்க்குப் பாசிட்டிவ் பிள்ளைகள் பிறந்தால், முதலில் வருவது தப்பித்துக்கொள்ளும், இரண்டாவதும் தப்பிக்கலாம். அதற்குள் தாயின் உடம்பு அந்த ரத்தத்தைப் பகையாகப் பழகிவிடும். பிறகு வரும் பாசிட்டிவ் பிள்ளைகளின் ரத்தத்தை வயிற்றுக்குள்ளேயே அழிக்கும். அவை பிறந்து மஞ்சளாகிச் செத்துப்போகும். முதல் பிரசவத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் ஓர் ஊசி போட்டிருந்தால் அப்படி நேர்ந்திருக்காது. நெகட்டிவ் பிள்ளை வந்தால் அதற்கு எந்த ஆபத்தும் இல்லை.

அமலியைக் குருசடியில் போட்டிருக்கவே வேண்டாம். யார் கையிலும் கொடுத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில், எங்கள் பாயில், அம்மாவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் உயிரோடு இருந்திருப்பாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. நாக்கு வறண்டிருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

"யாரு ரத்தம்டி குடுத்தா?"

"அமலிதாம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"அன்னிக்கு நீ என்னைய எம்புட்டுக் கோவிச்சுக்கிட்ட. நான் அவளப் பிடுங்கிட்டு வந்திருந்தா இன்னைக்கு அவ இருந்திருப்பாளா? எனக்குக் குடுக்க ரத்தந்தான் இருந்திருக்குமா?" மூச்சு வாங்கியது. "நான் செஞ்சது சரிதானடி?"

"சரிதாம்மா" என்றேன்.